வளைந்த ஃபிரெட்போர்டில் பெண்ட் அடங்கிப்போகாமல் இருக்க: எலெக்ட்ரிக் கிட்டார் செட்டப் வழிகாட்டி

பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு (போர்டின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேலே, மெல்லிய முதல் கம்பியைப் பிடித்து ஒரு முழு டோன் மேலே தள்ளுகிறீர்கள், அதாவது பெண்ட் செய்கிறீர்கள். பாதி தூரம் வரை நோட் நன்றாகப் பாடிக்கொண்டு ஏறுகிறது. அப்புறம் சட்டென்று ஒரு உலோக உரசல், அவ்வளவுதான், சத்தம் அடங்கிவிடுகிறது. விரல் அழுத்தம் குறைவோ, பழக்கம் போதவில்லையோ என்று பலர் மாதக்கணக்கில் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் பிரச்சினை கையில் இல்லை, கிட்டாரின் அளவுகளில் இருக்கிறது.

விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "ஆக்‌ஷனை ஏற்றிவிடு." ஆக்‌ஷன் என்றால் ஃபிரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம். ஏற்றினால் பெண்ட் சரியாகிவிடும், ஆனால் மற்றதெல்லாம் வாசிக்கக் கஷ்டமாகிவிடும். எனக்குச் சரியான வரிசை பிடிபட நெடுநாள் ஆனது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். வரிசை முக்கியம். நான்காவது படியை விட்டுவிட்டு ஆறாவது படிக்குப் போனால், பிறகு எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

தொடங்கும் முன் ஒரே ஒரு கணக்கு. ஃபிரெட்போர்டின் குறுக்குவாட்டு வளைவை 'ரேடியஸ்' என்று அங்குலத்தில் சொல்வார்கள். பழைய பாணி ஃபெண்டர் கிட்டார்களில் 7.25, இன்றைய ஃபெண்டர்களில் பெரும்பாலும் 9.5, கிப்ஸனில் 12, வேகமாக வாசிப்பதற்கென்று வரும் கிட்டார்களில் 16 அல்லது அதற்கு மேல். எண் சிறியதென்றால் வளைவு அதிகம். பெண்ட் செய்யும்போது கம்பியின் ஒரு முனை பிரிட்ஜில் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) அதே இடத்தில் இருக்கிறது, விரல் இருக்கும் முனை மட்டும் பக்கவாட்டில் நகர்கிறது. அதாவது கம்பி, மேடாக வளைந்த ஒரு பரப்பின் மேல் கோணலாகப் போகிறது. கம்பி நேர்கோடு, பரப்பு மேடு. ஆகவே நடுவில் இருக்கும் ஃபிரெட்டுகள் கம்பியை நெருங்கி வருகின்றன.

எவ்வளவு நெருங்குகின்றன? விரல் முனைக்கும் பிரிட்ஜ் முனைக்கும் இடையே பக்கவாட்டு விலகல் 17 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்பியை 12 மி.மீ. தள்ளினால் ஏறத்தாழ இவ்வளவு வரும், ஏனென்றால் பிரிட்ஜ் பக்கம் கம்பிகள் ஏற்கெனவே விரிந்துதான் போகின்றன. இந்த விலகலை அதனாலேயே பெருக்கி, ரேடியஸின் இரு மடங்கால் வகுத்தால் வருவது, அந்த நேரத்துக்கு சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்னத் துண்டு) எவ்வளவு இறங்கிவிட்டதற்குச் சமம் என்ற அளவு. 7.25 அங்குல போர்டில் சுமார் 0.8 மி.மீ., 9.5-இல் 0.6, 12-இல் 0.47, 16-இல் 0.36. இந்த நான்கு எண்களையும் பார்த்தாலே, ஒருவர் கிட்டாரில் சரிப்பட்ட உயரம் இன்னொருவர் கிட்டாரில் ஏன் சரிப்படவில்லை என்பது தெரிந்துவிடும்.

1. முதலில் எழுதி வையுங்கள்

எந்தத் திருகையும் தொடாதீர்கள். ஒரு தாளில் கிட்டாரின் மாடல், ரேடியஸ், கம்பியின் தடிமன், ஆறு கம்பிகளின் இப்போதைய உயரம், நெக்கின் ரிலீஃப் (நடுவில் வரும் லேசான குழிவு) எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜையும் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது குழம்பினால் திரும்பி வர இது ஒன்றுதான் வழி.

தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் மாடலின் விவரக் குறிப்பு இருக்கும். ரேடியஸ், ஃபிரெட் அளவு, நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடு என்ற உலோகத் தண்டுக்கான சாவியின் அளவு எல்லாம் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும். கிட்டார் புதிது என்றால் வாரன்ட்டி தாளையும் எடுத்துப் படியுங்கள். கம்பி உயரத்தை மாற்றுவதெல்லாம் வழக்கமான பராமரிப்பு, அதில் பிரச்சினை வராது. ஃபிரெட்டை அராவுவது அப்படியில்லை. ஃபிரெட் குறையோடு வந்த புதுக் கிட்டார் என்றால் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்வதுதான் மலிவான வழி. அந்தக் கால அவகாசம் முடிவதற்குள் ஆறாவது படியில் உள்ள சோதனையை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

2. கருவிகள்

0.5 மி.மீ. கோடு போட்ட எஃகு ஸ்கேல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), கேபோ (கம்பிகளை ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), டியூனர், ரேடியஸ் கேஜ் (வளைவை ஒப்பிடும் தகடு), ஃபிரெட் ராக்கர் (உயர்ந்த ஃபிரெட்டைக் காட்டும் நேர்விளிம்புத் தகடு), சரியான ஆலன் சாவிகள். இவ்வளவுதான். ஃபீலர் கேஜ் வாகனக் கருவிகள் விற்கும் இடத்திலும் கிடைக்கும், கிட்டாருக்கென்று தனியாக விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. ரேடியஸ் கேஜை அட்டையில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். காசை மிச்சப்படுத்தக் கூடாத இடம் ஆலன் சாவி. 1/8 அங்குலச் சாவி என்பது 3.175 மி.மீ. அதற்குப் பதில் 3 மி.மீ. சாவியைப் போட்டால் உள்ளே போகும், திரும்பவும் செய்யும், கொஞ்சம் கொஞ்சமாக டிரஸ் ராடின் அறுகோணக் குழியை உருட்டிவிடும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு நல்ல சாவி செட்டின் விலையைப்போல் பல மடங்கு. சேடில் திருகுகளிலும் இதே கதைதான்: 0.050 அங்குலம், 1/16 அங்குலம், 1.5 மி.மீ. மூன்றுமே புழக்கத்தில் உள்ளன. லேசாக ஆடினாலே அது சரியான சாவி இல்லை.

3. கம்பியைத் தீர்மானியுங்கள்

இனி எந்தத் தடிமன் கம்பியில் வாசிக்கப் போகிறீர்களோ அதையே இப்போது புதிதாகப் போடுங்கள். 9-42 செட்டில் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் பிறகு 10-46-க்கு மாறினால், இழுவிசை கூடி நெக் முன்னால் வளையும், அளவு மொத்தமும் மாறும். புதுக் கம்பியைக் கையால் இழுத்துவிட்டு டியூன் செய்யுங்கள். சுருதி இறங்காமல் நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அரைகுறையாக இழுபட்ட கம்பியை வைத்துக்கொண்டு அளந்தால் எந்த அளவையும் நம்ப முடியாது.

4. நெக் ரிலீஃப்

முதல் ஃபிரெட்டில் கேபோ போடுங்கள். ஆறாவது கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃபிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். கம்பியை அசைக்காமல் உரசிக்கொண்டு போகும் தகடுதான் உங்கள் அளவு. ஃபெண்டர் தரும் தொடக்க அளவுகள்: 7.25 அங்குல போர்டுக்கு 0.3 மி.மீ., 9.5 முதல் 12 வரை 0.25, 15 முதல் 17 வரை 0.2.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பெண்ட் உரசுகிறதே என்று டிரஸ் ராடைத் தளர்த்தி ரிலீஃபைக் கூட்டுகிறார்கள். ரிலீஃப் என்பது நெக்கின் நடுப்பகுதியில் வரும் குழிவு. அது கூடினால், பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே உள்ள பகுதி உடலை நோக்கி ஏறும் சரிவாக மாறுகிறது. நீங்கள் பெண்ட் செய்வதோ அங்கேதான். கம்பி இன்னும் சீக்கிரமாக உரசும். உயரம் கூடிவிட்டதே என்று சேடிலை இறக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். மேல் ஃபிரெட்டுகளில் பெண்ட் அடங்கினால் ரிலீஃபைக் கூட்டாதீர்கள். முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் சளசளப்பு வராத அளவுக்கு நெக்கை நேராக வைத்துக்கொள்வதே நல்லது.

திருகும்போது ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பொதுவாகக் கடிகார முள் போகும் திசையில் திருப்பினால் நெக் நேராகும். கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் திருப்புங்கள், மறுபடி சுருதி சேர்த்து அளவெடுங்கள். மரம் உடனே படிந்துவிடாது. மாற்றிய பிறகு ஓர் இரவு விட்டு, மறுநாள் அளந்து பார்த்துத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். ராடு இறுகி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள், அதோடு நிறுத்திவிடுங்கள். பழைய பாணி கிட்டார்களில் திருகு நெக்கின் அடிப்பக்கம், உடலுக்குள் மறைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் நெக்கைக் கழற்ற வேண்டும், அதற்கான நேரத்தையும் பொறுமையையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

5. கம்பி உயரமும் சேடில்களின் வளைவும்

கேபோவை எடுத்துவிட்டு, பதினேழாவது ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை அளவெடுங்கள். தொடக்கத்துக்கு:

7.25 அங்குலம்: ஆறாவது கம்பி 2 மி.மீ., முதல் கம்பி 1.6 மி.மீ.
9.5 முதல் 12 வரை: இரண்டும் 1.6 மி.மீ.
15 முதல் 17 வரை: ஆறாவது 1.6, முதல் கம்பி 1.2 மி.மீ.

முதல் கம்பியையும் ஆறாவது கம்பியையும் இப்படி வைத்துவிட்டு, நடுவில் உள்ள நான்கையும் ரேடியஸ் கேஜை வைத்து வளைவுக்கு ஏற்ற மாதிரி ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு சேடிலிலும் இரண்டு சின்னத் திருகுகள் இருந்தால் இரண்டும் சமமாக நிற்க வேண்டும், சேடில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கக் கூடாது. இரண்டு தூண்களில் நிற்கும் டியூன்-ஓ-மேடிக் வகைப் பிரிட்ஜில் வளைவு சேடில்களிலேயே வெட்டப்பட்டிருக்கும், நீங்கள் இரண்டு முனைகளை மட்டும்தான் ஏற்றி இறக்க முடியும்.

7.25 போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வளைவை கேஜுக்கு நூறு சதவீதம் ஒப்பாக வைத்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல், இரண்டாம் கம்பிகளை மட்டும் 0.1 அல்லது 0.2 மி.மீ. கூடுதலாக ஏற்றினால், கம்பிகளின் வரிசை போர்டைவிடச் சற்றே தட்டையாகிறது. கார்டு பிடிக்கும் கைக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, பெண்டில் நன்றாகவே தெரியும். கிட்டார் முழுவதையும் ஏற்றுவதற்கு முன் இந்த இரண்டு கம்பிகளோடு நிறுத்திப் பாருங்கள்.

6. எந்த ஃபிரெட் குற்றவாளி என்று கண்டுபிடியுங்கள்

ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, அமைதியான அறையில் உட்காருங்கள். பத்தாவது ஃபிரெட்டில் தொடங்கிக் கடைசி வரை, முதல் மூன்று கம்பிகளையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒரு முழு டோன் பெண்ட் செய்து, ஒரு மூச்சு நேரம் பிடித்துப் பாருங்கள். நீங்கள் ஒன்றரை டோன் வரை போகிறவர் என்றால் அதுவரை தள்ளிப் பாருங்கள். சத்தம் குறையும் இடங்களைத் தாளில் குறியுங்கள்: கம்பி, ஃபிரெட், எவ்வளவு தள்ளியபோது.

இப்போது போர்டின் மரத்தை டேப்பால் மூடி, பதிமூன்றாவது ஃபிரெட்டிலிருந்து கடைசி வரை ஃபிரெட் தலைகளில் கறுப்பு மார்க்கரால் தீட்டுங்கள். அடங்கிப்போகும் அந்த பெண்டை நான்கைந்து முறை வாசியுங்கள். கம்பியை ஒதுக்கிவிட்டு விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். விரல் அழுத்திய ஃபிரெட்டில் மை அழிந்திருப்பது இயல்பு. அதற்கு மேலே எந்த ஃபிரெட்டில் மை தேய்ந்து, மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளிக்கோடு பளபளக்கிறதோ அதுதான் கம்பியை அடக்கும் ஃபிரெட். காதால் கேட்டு ஊகித்ததைவிட இந்தக் கோடு எப்போதுமே சரியாகச் சொல்லும். முடிந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடலாம்.

அந்த வெள்ளிக்கோடு எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் வாசித்தது முதல் கம்பி, ஆனால் கோடு அந்தக் கம்பிக்கு நேர் கீழே இருக்காது. உள்ளே தள்ளி, இரண்டாம் கம்பியின் பக்கமாக இருக்கும். அதனால்தான், பெண்ட் செய்யாமல் வாசிக்கும்போது எந்தக் குறையும் காட்டாத ஃபிரெட் பெண்டில் மட்டும் இடிக்கிறது. பழைய கிட்டார்களில் கம்பிக்கு நேர் கீழே ஃபிரெட் தேய்ந்து பள்ளமாகியிருக்கும், இரண்டு கம்பிகளுக்கு நடுவில் உள்ள பகுதி தேயாமல் உயரமாகவே நிற்கும். கம்பி பள்ளத்திலிருந்து கிளம்பி அந்த மேட்டின் மீது ஏறுகிறது. ஃபிரெட் ராக்கரை வைத்துப் பார்க்கும்போதும் கம்பியின் பாதையில் மட்டும் வைக்காதீர்கள், கம்பிகளுக்கு இடையிலும், போர்டின் நடுவிலும் வைத்து ஆட்டிப் பாருங்கள். மூன்று ஃபிரெட்டுகளின் மேல் வைக்கும்போது அது ஆடினால், நடு ஃபிரெட் உயரம்.

7. கண்டது என்ன என்பதைப் பொறுத்து

ஒரே ஒரு ஃபிரெட்தான் இடிக்கிறது என்றால் அது போர்டில் பதிந்திருக்கும் பள்ளத்திலிருந்து எழும்பியிருக்கலாம். முனையை ஒரு மரக்குச்சியால் அழுத்திப் பாருங்கள், அசைந்தால் அதை மறுபடி உட்கார வைத்து ஒட்ட வேண்டும். சின்ன வேலை, டெக்னீஷியனுக்கு அதிக நேரம் பிடிக்காது. அசையாமல் உயரமாக இருந்தால் அந்த ஒன்றை மட்டும் அராவித் தலையை உருண்டையாக்கினால் போதும்.

கடைசி ஆறேழு ஃபிரெட்டுகள் எல்லாவற்றிலும் கோடு விழுந்தால், நெக்கின் முனை உடலோடு சேரும் இடத்தில் மேலே எழும்பியிருக்கக்கூடும். கம்பியையே ஸ்கேலாக வைத்துக்கொண்டு, நெக்கின் தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தெரியும். இப்படி எழும்பியிருந்தால் நான்காம் படியின் அளவும் தவறாகத்தான் வந்திருக்கும். கடைசி ஃபிரெட்டுக்குப் பதிலாக, நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டில் அழுத்தி மறுபடி அளந்துகொள்ளுங்கள். நெக்குக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைப்பது இதற்குத் தீர்வு இல்லை. ஷிம் நெக்கின் கோணத்தை மட்டும்தான் மாற்றும், எழும்பிய முனை அப்படியேதான் இருக்கும். சேடிலை இதற்கு மேல் ஏற்றவோ இறக்கவோ இடமில்லாதபோதுதான் ஷிம். அப்போதும் நெக் உட்காரும் பாக்கெட் முழுவதும் படியும் கால் டிகிரி, அரை டிகிரி சாய்வுத் தகடு வாங்குங்கள். நெக்கின் முனை எழும்பியதற்கு மருந்து, மேல் ஃபிரெட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போகும்படி அராவுவது.

குறிப்பிட்ட ஃபிரெட் என்று எதுவும் இல்லை, ராக்கரும் எங்கும் ஆடவில்லை, நெக்கும் நேர். அப்போதுதான் ரேடியஸைக் குறை சொல்லலாம். முதல் இரண்டு கம்பிகளை 0.1 மி.மீ. வீதம் ஏற்றிக்கொண்டே வந்து, நோட் உயிரோடு நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த உயரத்தில் உங்களுக்கு வசதியாக வாசிக்க முடிந்தால் வேலை முடிந்தது, ஒரு காசும் செலவில்லை.

8. பிரிட்ஜும் நட்டும்

மிதக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ் (ஸ்பிரிங்கில் நின்று, கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்கும் வகை) உள்ளவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ஒரு கம்பியைத் தள்ளும்போது பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது, இழுவிசை கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. அதே சுருதியை எட்ட விரல் இன்னும் தூரம் தள்ள வேண்டியிருக்கிறது. முன்னே சொன்ன கணக்கில் விலகல் இரு மடங்கானால் விளைவு நான்கு மடங்கு. ஆகவே அந்தக் கூடுதல் ஓரிரு மில்லிமீட்டரே நோட்டை அடக்கிவிடப் போதும். பின்பக்கம் ஸ்பிரிங்குகளைக் கூட்டி அல்லது இறுக்கி, பிரிட்ஜ் உடலின் மேல் படிந்து நிற்கும்படி செய்து பாருங்கள். சுருதியை மேலே இழுக்கும் வசதி போய்விடும், கீழே இறக்குவது இருக்கும். பெண்ட்தான் உங்களுக்கு உயிர் என்றால் இது நல்ல பேரம். படிய வைத்ததும் கம்பி உயரம் மாறியிருக்கும், ஐந்தாம் படியை மறுபடி செய்யுங்கள்.

நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் துண்டு) விஷயம் சுருக்கமானது. பெண்டிலிருந்து திரும்பியதும் கம்பியின் சுருதி இறங்கியிருந்தால், நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்கிக்கொள்கிறது. மென்மையான பென்சில் முனையால் பள்ளத்தில் கிராஃபைட் தடவுங்கள்.

9. இன்டொனேஷன், பிக்கப் உயரம்

இவை எப்போதும் கடைசியில். இன்டொனேஷன் என்பது எல்லா ஃபிரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்பது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் நோட்) அழுத்திய நோட்டையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய நோட் சுருதி கூடி நின்றால் சேடிலைப் பின்னால் நகர்த்த வேண்டும், குறைந்து நின்றால் முன்னால். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைக் கம்பிக்கு மிக அருகில் வைத்தால் காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி அலைபாயும். கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, சாதாரண சிங்கிள்-காயிலில் தடித்த கம்பிப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. இடைவெளியில் தொடங்குங்கள்.

10. டெக்னீஷியனிடம் கொடுக்க வேண்டியிருந்தால்

உயரத்தை ஏற்றியும் பெண்ட் சரியாகவில்லை, அல்லது ஏற்றிய உயரத்தில் உங்களால் வாசிக்க முடியவில்லை என்றால் அடுத்தது ஃபிரெட் லெவலிங், அதாவது ஃபிரெட் தலைகளை மட்டமாக அராவுவது. இந்த வேலையில் ஒரு நல்ல வசதி இருக்கிறது: போர்டின் மரத்தைத் தொடாமலே, நட் பக்கம் 7.25 அங்குல வளைவை அப்படியே விட்டுவிட்டு, மேலே போகப்போக ஃபிரெட் தலைகளை மட்டும் 9.5 அல்லது 10 அளவுக்குத் தட்டையாக்கலாம். கார்டு பிடிக்கும் இடத்தில் பழைய சுகம், பெண்ட் செய்யும் இடத்தில் புதுத் தாராளம். ஆனால் அதற்கு ஃபிரெட்டில் போதிய உயரம் இருக்க வேண்டும். பழைய பாணி மெல்லிய ஃபிரெட்டுகள் புதிதிலேயே சுமார் 1.1 மி.மீ.தான், உயரமான வகைகள் 1.4 வரை வரும். ஏற்கெனவே ஒருமுறை அராவிய மெல்லிய ஃபிரெட்டுகளில் இதைச் செய்ய இடமிருக்காது, புது ஃபிரெட் போடும் செலவுக்குத் தயாராக வேண்டும். செட்டப், லெவலிங், முழு ரீஃபிரெட் மூன்றும் ஒன்றைவிட ஒன்று பல மடங்கு விலை. ஆகவே ஃபிரெட் உயரத்தை முதலில் அளக்கச் சொல்லி, அதற்குப் பிறகு விலை கேளுங்கள்.

வெறுமனே "செட்டப் செய்யுங்கள்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் கம்பியோடு கொண்டுபோங்கள். ஆறாம் படியில் எழுதிய தாளையும் கொடுங்கள்: எந்தக் கம்பி, எந்த ஃபிரெட், எத்தனை டோன். எதிர்பார்க்கும் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்லுங்கள். "ஆக்‌ஷன் லோவாக வேண்டும்" என்ற வாக்கியத்துக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம். என்னென்ன செய்யப் போகிறார், எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே உட்கார்ந்து அதே பெண்டுகளை, அதே ஃபிரெட்டுகளில், ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து நெக் சற்றே அசைந்திருந்தால் இலவசமாகத் திருத்தித் தருவாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நல்ல டெக்னீஷியன்கள் இதற்குத் தயங்குவதில்லை.